நசை

நசை என்பது விருப்பம் என்னும் பொருளுடைய பழந்தமிழ்ச் சொல். ஒன்றை மனமுவந்து நாடுதல், கிடைக்கும் என எதிர்நோக்குதல், ஒருவர்மேல் வைத்த அன்பு ஆகியவை இடத்துக்கேற்ப இதன் பொருளாகும். சங்கப் பாடல்களிலும் திருக்குறளிலும் இயல்பாக வழங்கிய இச்சொல் இன்று பேச்சில் இல்லை. இதனோடு ஒத்த பொருளுடைய நம்பு, மேவு, வெம்மை, வெஃகல், அவா, வேட்கை, ஆர்வம் முதலியவற்றுள் சில வழக்கில் நிலைத்துள்ளன. அவற்றிலும் பழம்பொருள் மாறாமல் நிற்பவை சிலவே.

வடிவும் இனமும்

நசை பெயர்ச்சொல். இதற்குரிய வினை நச்சு. நச்சுதல் என்றால் விரும்புதல். நச்சினார் என்றால் விரும்பியவர். நயத்தல் என்னும் வினையும் பொருளில் இதற்கு நெருக்கமானதே. பரிசில் நாடி வரும் பாணரையும் புலவரையும் நசைநர், நசையுநர் என்று பழம்பாடல்கள் சுட்டுகின்றன. வறுமையால் கையேந்துபவன் என்பதைவிடத் தகுதியறிந்து நாடி வருபவன் என்ற மதிப்பு இப்பெயர்களில் மிகுதி. இரவலர் என்ற சொல்லில் அது அவ்வளவாக இல்லை.

தெலுங்கில் நச்சு என்பது இன்றும் அன்றாடச் சொல். ஒரு புடவையோ படமோ பிடித்துவிட்டால் ‘நச்சிந்தி’ என்பார்கள். கடலூர், பண்ருட்டி வட்டாரத்தில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தெலுங்கு பேசும் குடும்பங்களின் வீடுகளில் ஒலிக்கும் இச்சொல், தமிழ்ப் புலவர்கள் உரை எழுதி விளக்கும் அதே சொல்தான். கன்னடத்தில் நச்சு என்பதற்கு விரும்புதல் என்ற பொருளோடு நம்பிக்கை வைத்தல் என்ற பொருளும் உண்டு. விருப்பமும் நம்பிக்கையும் ஒரே சொல்லில் இவ்வாறு கூடியிருப்பது தமிழின் நம்பு என்னும் சொல்லை ஆராயும்போது பெரிதும் உதவும்.

செய்யுளில் நசைஇ என்ற வடிவம் அடிக்கடி வரும். நசை என்ற பெயரை ‘விரும்பி’ எனப் பொருள்படும் வினையெச்சமாக ஆக்குவதற்காக அளபெடை சேர்ந்த வடிவம் இது. இலக்கணத்தார் இதனைச் சொல்லிசை அளபெடை என்பர். இன்று தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவர் பெரும்பாலும் நசை என்ற சொல்லை ஒருமுறையாவது எழுதியிருப்பார். ஆசையைச் சொல்வதற்காக எழுதியிருக்கமாட்டார். சொல்லிசை அளபெடைக்கு எடுத்துக்காட்டுத் தருக என்ற வினாவுக்கு விடையாக எழுதியிருப்பார்.

தொல்காப்பியத்தில்

நசையின் வரலாற்றில் மிகுந்த கவனத்துக்குரிய பகுதி தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எட்டாம் இயலான உரியியலாகும். உரிச்சொல் இன்னது என்பதில் உரையாசிரியர்கள் பலவாறு கூறினாலும், அந்த இயல் செய்வது அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறும் பணியே. தமிழின் முதல் அகராதி என்று அதனைக் கொள்வதில் தவறில்லை. எல்லார்க்கும் வெளிப்படையாகத் தெரிந்த சொற்களை விளக்க வேண்டியதில்லை, அவ்வாறு விளங்காத சொற்களுக்கே பொருள் கூறப்படும் என்று ஆசிரியர் முன்னதாகவே வரையறுத்துக்கொள்கிறார். அந்த வரையறையை மனத்தில் வைத்து அடுத்த செய்தியைப் படிக்க வேண்டும்: நம்பு, மேவு என்னும் இரண்டு சொற்களுக்கும் நசை என்பது பொருள் என்று ஒரு நூற்பா கூறுகிறது.

அதாவது, தொல்காப்பியர் காலத்தில் நசை விளக்கம் தேவைப்படாத எளிய சொல். நம்பும் மேவும்தான் மாணவர் தடுமாறிய அருஞ்சொற்கள். இன்று நிலைமை தலைகீழ். நம்பு என்ற சொல் கடைத்தெருவில் கடன் கேட்பவர் வாயிலும் உள்ளது. நசைக்கு அகராதி தேவைப்படுகிறது. விளக்கிய சொல் விளக்கப்படும் சொல்லாயிற்று. நம்புவின் வடிவம் பிழைத்ததே தவிர அதன் பழம்பொருள் பிழைக்கவில்லை. விரும்பு என்ற பொருள் மறைந்து, ஐயமின்றி ஏற்றுக்கொள் என்ற பொருள் நிலைத்துவிட்டது.

இப்பொருள் மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டிலேயே விடை உள்ளது. நம்பு என்பதற்கு விருப்பப் பொருள் உண்டு எனக் காட்ட அவர்கள் அகநானூற்றிலிருந்து ஓர் அடியை எடுக்கின்றனர். தலைவன் அன்போடு சொல்லியனுப்பிய நல்ல சொற்களை நம்பி, நள்ளிரவில் தலைவி வந்தாள் என்பது அங்குள்ள செய்தி. சொற்களை ‘விரும்பி’ வந்தாள் என்பது உரைப்பொருள். இன்றைய வாசகர் அதே அடியை ‘உண்மையென்று கொண்டு’ வந்தாள் என்று படிப்பார், பொருள் கெடாது. நள்ளிரவில் காதலனைத் தேடி வரும் பெண்ணிடம் விருப்பத்தையும் நம்பிக்கையையும் தனித்தனியே பிரிப்பது யாருக்கும் எளிதன்று. இத்தகைய இடங்களின் வழியாகவே நம்பு என்ற சொல் ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குக் கடந்தது. கன்னட நச்சு இதற்குச் சான்று.

மேவு என்பதற்கு மலைபடுகடாம் எடுத்துக்காட்டாகிறது. புகழ்பெற்ற நவிரமலையில் விரும்பி உறையும் கடவுளைப் பற்றிய பகுதி அது. நவிரம் என்பது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலை. விரும்பி ஓரிடத்தில் தங்குதல் என்ற பொருளிலிருந்து விருப்பம் கழன்று, தங்குதல் அல்லது பொருந்துதல் என்ற பொருளே மேவுதலில் பிற்காலத்தில் எஞ்சியது. பகைவரைக் குறிக்கும் மேவார் என்ற சொல்லில் மட்டும் பழம்பொருளின் சாயல் தெரிகிறது: நம்மை விரும்பாதவர்.

வெம்மை என்ற சொல்லையும் அதே இயல் விருப்பத்தோடு சேர்க்கிறது. வேண்டல் என்பது அங்கு அதற்குத் தரப்படும் பொருள். சூட்டைக் குறிக்கும் சொல் வேட்கையைக் குறிப்பதில் வியப்பில்லை. ஆயினும் இதனை அறியாமல் பழம்பாடல்களைப் படிப்போர் இடறுவர். வெய்யோன் என்றால் கதிரவன் என்று மட்டும் அறிந்தவர்க்கு, ஒன்றில் விருப்பமுடையவன் என்ற பொருளில் அச்சொல் வருமிடம் குழப்பமே தரும்.

உரியியலில் இன்னும் இரண்டு கருத்துகள் இப்பொருளுக்கு நேரடியாக உதவுவன. ஒரு சொல்லுக்குப் பொருள் கூறி, அந்தப் பொருளைக் கூறிய சொல்லுக்கும் பொருள் கேட்டால் அதற்கு முடிவே இராது என்பது ஒன்று. ஒரு சொல் ஏன் இந்தப் பொருளைக் குறிக்கிறது என்ற காரணம் பார்த்தவுடன் விளங்கிவிடாது என்பது மற்றொன்று. நசைக்கும் ஒருநாள் பொருள் கேட்கப்படும் என்று ஆசிரியர் எண்ணியிருப்பாரோ இல்லையோ, அதற்கான எச்சரிக்கையை எழுதிவைத்துவிட்டார். சொற்பிறப்புக் கூறுவதில் இக்காலத்தில் சிலர் காட்டும் வேகத்துக்கு இரண்டாவது கருத்தை மருந்தாகத் தரலாம்.

இவ்வியல் அடங்கிய சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரை நெடுங்காலம் ஏட்டுச்சுவடிகளிலேயே கிடந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பரிசோதிக்க, சி. வை. தாமோதரம் பிள்ளை அதனை 1868இல் பதிப்பித்தார். 

பாட்டிலும் குறளிலும்

நசை என்ற சொல் எத்தகைய இடத்தில் பொருந்தியது என்பதற்குக் குறுந்தொகையின் 37ஆம் பாடலைவிடச் சிறந்த சான்று இல்லை. பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றியது. பொருள் தேடப் பிரிந்த தலைவன் திரும்புவானா என்று வருந்தும் தலைவியிடம் தோழி பேசுகிறாள். அவருக்கு உன்மேல் நசை மிகுதி, அன்பு செய்யவும் செய்வார் என்கிறாள். அதற்கு அவள் தரும் உறுதி ஒரு காட்சி: அவர் செல்லும் வழியில் ஆண்யானை தன் பிடியின் பசியைத் தீர்க்க யாமரத்தின் பட்டையை உரித்துக் கொடுக்கும். அதைப் பார்த்தால் அவருக்கு உன் நினைவு வராமல் போகுமா என்பது குறிப்பு. இங்கே நசையும் நல்குதலும் தனித்தனியாகச் சொல்லப்படுவதைக் காணலாம். மனத்திலிருக்கும் விருப்பம் நசை. அது கைச்செயலாகும்போது நல்கல். ஒன்று இருந்தும் மற்றொன்று இல்லாமற்போகக்கூடும் என்பதுதான் தலைவியின் கவலை.

திருக்குறளில் இச்சொல் அறத்துப்பாலில் தலைகாட்டுவதில்லை எனலாம். காமத்துப்பாலிலும் பொருட்பாலிலுமே சிறப்பாக வருகிறது. 1199ஆம் குறளில் நசைஇயார் என்பவர் தலைவி விரும்பும் காதலர். அவர் அன்பு செய்யாவிட்டாலும் அவரைப் பற்றிய செய்தி காதுக்கு இனிக்கிறது என்கிறாள். 1263ஆம் குறளில் இருவருடைய நசையும் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன. அவர் வெற்றியை நசைஇச் சென்றார். நான் அவர் வரவை நசைஇ உயிரோடிருக்கிறேன். ஒரே சொல்லால் பிரிவுக்கும் காத்திருப்புக்கும் காரணம் சொல்லும் இந்தக் குறளைத்தான் பள்ளிப் பாடநூல்கள் அளபெடைக்காக அறுத்தெடுக்கின்றன.

பொருட்பாலில், நன்றியில் செல்வம் என்னும் அதிகாரத்தில் நச்சு என்ற வினை இருமுறை வருகிறது. ஒருவராலும் விரும்பப்படாதவன் தனக்குப் பின் எஞ்சி நிற்பது என்று எதனை எண்ணுவானோ என்று கேட்பது 1004ஆம் குறள். 1008ஆம் குறள் சொல்விளையாட்டு உடையது. யாராலும் நச்சப்படாதவனுடைய செல்வம், ஊர் நடுவே நச்சு மரம் பழுத்ததற்கு ஒப்பாகும். முதல் நச்சு விருப்பம். இரண்டாம் நச்சு நஞ்சு. இரண்டும் ஒலியில் வேறுபாடற்றவை. புலவருக்கு விருந்தான இந்த ஒலியொப்புமை சொல்லுக்குப் பகையாக முடிந்திருக்கலாம். விரும்பினேன் என்பதையும் நஞ்சு என்பதையும் ஒரே ஒலியால் சொல்ல வேண்டியிருந்தால் மக்கள் ஒன்றைக் கைவிடுவார்கள். நஞ்சைக் கைவிட முடியாது. விருப்பத்துக்கு வேறு சொற்கள் நிறைய இருந்தன. நச்சு என்னும் விருப்ப வினை தமிழில் மறைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

மறைவதற்கு முன் அது சைவத்தில் ஓர் இடம் பிடித்தது. பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் பிறந்து, திருவதிகையில் பாடத் தொடங்கிய திருநாவுக்கரசர், திருநாகேச்சரப் பதிகத்தில் சிவனைத் தன்னை நச்சுவோருக்கு இனியவன் என்ற கருத்தில் போற்றுகிறார். அதே கருத்தைப் பெயராகக் கொண்டவர், 14ஆம் நூற்றாண்டினராகக் கொள்ளப்படும் மதுரை உரையாசிரியர் நச்சினார்க்கினியர். தொல்காப்பியத்துக்கும் பத்துப்பாட்டுக்கும் கலித்தொகைக்கும் சீவகசிந்தாமணிக்கும் உரை கண்டவர். உ. வே. சாமிநாதையர் அவருடைய உரையோடு சிந்தாமணியை 1887இலும் பத்துப்பாட்டை 1889இலும் வெளியிட்டபின் அப்பெயர் தமிழ் படித்தோர் நாவில் நிலைபெற்றது. பெயரை நச்சினார்க்கு, இனியர் எனப் பிரித்துப் பார்ப்போர் குறைவு. நஞ்சு என்று எண்ணித் திகைத்த மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்திருப்பார்கள்.

பிற விருப்பச் சொற்கள்

ஒருபொருட் பன்மொழி என்று சொன்னாலும் விருப்பச் சொற்கள் ஒரே அளவினவல்ல. வெஃகல் பிறர் பொருள்மேல் செல்லும் ஆசை. திருக்குறளின் வெஃகாமை அதிகாரம் அதனைக் குற்றமாகவே பேசுகிறது. அவா என்பது தணியாத ஆசை, அறுக்கப்பட வேண்டியது. வேட்கை உடலோடு ஒட்டியது. நீர்வேட்கை என்ற தொடரில் தாகமாகவே நிற்கிறது. ஆர்வம் அன்பிலிருந்து பிறப்பது என வள்ளுவர் கூற, இன்றைய வழக்கில் அது எதையாவது கற்கவோ செய்யவோ முந்தும் மனநிலையாகிவிட்டது. வேண்டுதல் என்ற விருப்ப வினையோ இலக்கணக் கருவியாகவே மாறி, வேண்டும், வேண்டாம் என்ற வடிவங்களில் தேவையையும் மறுப்பையும் குறிக்கிறது. கோயிலில் செய்யும் வேண்டுதலில் மட்டும் பழைய உயிர் இருக்கிறது. இச்சை, இட்டம், பிரியம் ஆகியவை வடமொழி வழி வந்தவை.

இவற்றுள் நசையே நிறைவானது. பேராசையின் கறை அதில் பெரும்பாலும் இல்லை. உடல் வேட்கையின் வெப்பமும் குறைவு.

நிகண்டுகள் இத்தகைய சொற்களைத் தொகுத்து மாணவர் மனப்பாடம் செய்ய உதவின. திவாகரம் 12 தொகுதிகளை உடையது. முதற்பத்துத் தொகுதிகளில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களும், 11ஆம் தொகுதியில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களும் கூறப்படும். மண்டலபுருடர் விருத்தப்பாவில் செய்த சூடாமணி நிகண்டு திண்ணைப் பள்ளிகளில் நெடுங்காலம் பாடமாக இருந்தது. நிகண்டு சொற்களை அடுக்கித் தருமே ஒழிய, எந்தச் சொல்லை எங்கே ஆள்வது என்று சொல்லாது. நசைக்கும் வெஃகலுக்கும் உள்ள வேறுபாட்டை அறியப் பாட்டையே நாட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்ஸிகன் இந்தக் குறையைப் பாதி தீர்த்தது. சொல்லோடு நூலிடமும் காட்டியது.

ஆவணத்திலும் வட்டாரத்திலும்

நசை மனத்தின் நாட்டம். ஆவணத்துக்கு அது போதாது, இசைவு வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் சபையாரும் ஊராரும் ஒன்றுக்கு இணங்கி எழுதிக்கொடுத்ததை இசைவு தீட்டு என்றனர். பிற்காலத்தில் பாரசீகத்திலிருந்து வந்த ராஜி என்ற சொல் சம்மதத்தைக் குறித்தது. வழக்கில் இரு தரப்பாரும் இணங்கிப்போவது ராஜியாதல். ராஜிநாமா என்பதன் நேர்ப்பொருள் சம்மதப் பத்திரம். இன்று பதவி விலகலுக்கு மட்டும் ஆளப்படுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான எடுத்துரைப்பு, பிழை ஆகியவற்றால் விளையாத சம்மதத்தையே சுதந்திரமான சம்மதமாக ஏற்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரும் பத்திரங்களில் ‘மனப்பூர்வமாகச் சம்மதித்து’ என்ற தொடர் இந்தச் சட்டத் தேவையைத்தான் எதிரொலிக்கிறது. சம்மதித்து என்பதே போதுமானதாயினும், மனப்பூர்வம் இல்லாத பத்திரத்தை எந்த எழுத்தரும் எழுதமாட்டார்.

விழுப்புரம்–கடலூர் இருப்புப்பாதையில் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையிலுள்ள மேல்பட்டாம்பாக்கத்துக்கு, விருப்பத்தைச் சொல்வதில் கிறித்தவ மரபு ஒன்றும் வந்து சேர்ந்தது. கிறித்தவர்களுக்குள் சாதி வேறுபாட்டை விட்டுவைத்த லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறிய கார்ல் ஓக்ஸ் என்ற பாதிரியார் 1860களின் தொடக்கத்தில் இவ்வூரைத் தம் பணிக்குரிய இடமாகத் தேர்ந்தார். டேனிஷ் மிஷனரி சங்கம் அவருக்கு ஆதரவளித்தது. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் இதுவே. திருச்சபைத் தமிழில் விருப்பத்துக்குத் தனிச் சொற்கள் உண்டு. கடவுளின் விருப்பம் சித்தம். யாரும் கேட்காமல் மனமுவந்து செலுத்தும் காணிக்கை உற்சாகபலி; உற்சாகம் என்றால் துள்ளல் என்று மட்டும் அறிந்தவர்க்கு அந்தத் தொடர் விளங்காது.

இதனை ஒட்டி ஆங்கிலத்தையும் நோக்கலாம். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், வீட்டைவிட்டுப் போன இளைய மகன் பன்றித் தீனியாலாவது வயிறு நிரப்ப விரும்பியதைச் சொல்லுமிடத்தில் ஃபெய்ன் என்ற சொல் வருகிறது. மகிழ்வோடு இசைதல் என்ற பொருளுடைய அதுவும், அதே வகையைச் சேர்ந்த லீஃப் என்ற சொல்லும் இன்று ஆங்கிலத்தில் வழக்கொழிந்தவை. லீஃப் அன்பைக் குறிக்கும் சொல்லின் உறவு. நசை அன்பையும் குறிப்பதோடு ஒத்தது. தமிழ் விவிலியம் அந்த இளைய மகனுக்கு ஆசை என்ற எளிய சொல்லையே தருகிறது. நசை என்று பெயர்த்திருந்தால் மேல்பட்டாம்பாக்கம் சபையில் ஒருவருக்கும் புரிந்திராது.

இன்றைய வழக்கு

பேச்சில் இஷ்டம், ஆசை, பிரியம், சம்மதம் ஆகியவையே வழங்குகின்றன. கடலூர்ப் பக்கம் கல்யாணப் பேச்சில் பெண்ணுக்கு இஷ்டமா என்றுதான் கேட்பார்கள். ஒத்துக்கினாங்க என்ற செய்தி வந்தபின் வெற்றிலைபாக்கு மாற்றப்படும். நசை பாடநூலிலும் புலமைக் கட்டுரைகளிலும் எப்போதாவது கவிதையிலும் காணப்படுகிறது.